காற்றுக்கு வலை வாங்கிய என் அண்ணி

என் அண்ணி முத்தம்மாவைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் எங்கள் குப்பத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நாத்தனார் என்று ஒருத்தி இருப்பதே அண்ணியைக் குறை சொல்வதற்குத்தான் என்பது இங்கே எல்லோருடைய எண்ணம். அந்தக் கடமையில் நான் இதுநாள் வரை தவறியதில்லை. என்னிடமிருந்து அவள் வாங்கிப் போன இட்லிக் குண்டான், குடை, அரக்கு நிறப் பட்டுப்புடவை எல்லாம் இன்றைக்கும் அவள் வீட்டில்தான் இருக்கின்றன. கேட்டால், "உன் அண்ணன் வூட்லதானே கீது பவானி, எங்க பூடப் போவுது?" என்பாள். முறைக்கு அண்ணி என்றாலும் வயதில் என்னைவிடச் சின்னவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் முதலில் புடவையைத் திருப்பித் தந்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. நான் டோல்கேட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். முத்தம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, எங்கள் ஊர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறாள். மீன் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். இவள் விற்கிறவன் மூஞ்சியைப் பார்ப்பாள். "இந்தக் கூடை உனக்கு வாணாம் முத்தம்மா, அத்த எடு" என்று அவன் சொல்லிவிட்டால் போதும், அந்த 'வாணாம்' கூடைதான் அவளுக்கு வேண்டும். நல்ல மீனை ஓட்டல்காரனுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறவன்தான் அப்படிச் சொல்வான் என்பது அவள் கணக்கு. ஏலத்தில் அந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை. வினை என்னவென்றால், ஏலத்துக்கு வெளியேயும் அவள் அதே கணக்கைத்தான் போடுவாள்.

ஒரே ஒருமுறை அவள் மூக்கு உடைந்ததை ஊரே பார்த்தது. என் அண்ணன் தண்டபாணி விசைப்படகு ஓட்டுகிறவன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பிறந்தவன், பேச மாட்டான். "பெரிய கண்ணி வலையில பாதி மீனு பூடுது, பொடிக்கண்ணியா வாங்குயா" என்று அவனை நச்சரித்து, ஊரிலேயே பொடிசான கண்ணி உள்ள வலையை வாங்க வைத்தாள். கடலில் போட்டு இழுத்தார்கள். கண்ணி வழியாகத் தண்ணீர் போனால்தானே படகு நகரும்? சேறும் சொறிமீனும் அடைத்துக்கொண்டு, எஞ்சின் புகை கக்கி, கடைசியில் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அன்றிலிருந்து 'பொடிக்கண்ணி' என்ற சொல்லை அவள் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது.

குப்பத்தின் இரண்டு வழக்கங்களை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒன்று, குப்பத்துப் பொதுக் கூடத்தில் கல்யாணம் என்றால் அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது. ஆணும் பெண்ணுமாக ஊர் மொத்தமும் வந்து நிற்கும். வெளியில் கல்யாணம் வைத்தால் படகுகள் போய்விடும், பெண்கள் மட்டும் பஸ் ஏறி வருவார்கள். இன்னொன்று, அடுத்தவன் பொருள் நம் வலையில் சிக்கினால், அதைத் தட்டில் வைத்து வெற்றிலை பாக்கோடு அவன் கையில் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டவன், "இனிமே என் பொருளு உங்க பக்கம் வராம பாத்துக்கறேன்" என்று ஊர் முன்னால் சொல்லி, தட்டைத் திருப்பித் தர வேண்டும். இதில் சண்டைக்கே இடமில்லை. தட்டை வாங்கினால் வாக்குக் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

முத்தம்மாவின் கல்யாணம் பெரியபாளையத்தம்மன் கோயிலில் நடந்தது. அவள் அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வஞ்சிரம் வலையில் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம், படகுகள் எல்லாம் கடலில். கல்யாணப் படத்தில் ஆண் என்று பார்த்தால் என் அண்ணன், அவள் அப்பா, பூசாரி, அவ்வளவுதான். அவள் கூடப்பிறந்த அண்ணன்கூட இல்லை. அந்தப் படத்தை அவள் சுவரில் மாட்டவே இல்லை, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். "என் பொண்ணு கல்யாணத்துல ஊரே நிக்கணும் பவானி. ஒரு ஆளு கொறையக் கூடாது" என்று மகள் நர்மதா பிறந்த நாளிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கும் அந்த நேரத்தில் மட்டும் குடையைக் கேட்கத் தோன்றாது.

நர்மதாவுக்கு மாப்பிள்ளை மாத்தூரில் அமைந்தான். பெயர் ரஞ்சித், மணலியில் வேலை. பையன் தங்கம். அவன் அம்மா தேசம்மாவும் தங்கம்தான், ஆனால் உரசிப் பார்த்தால் நம் கைதான் தேயும். அவளுக்கு இழுப்பு உண்டு, பையிலேயே மூச்சு மருந்து வைத்திருப்பாள். கல்யாணத்தை எங்கள் கூடத்தில் வைக்கலாம் என்று முத்தம்மா சொன்னதும் தேசம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க ஊர்ல காலைல கோலம் போட்டா மத்தியானத்துக்குள்ள கறுப்பாயிடுது சம்பந்தி. அந்தக் கரித்தூள்ல நான் எப்டி குந்தறது? தாலி கட்டற நேரத்துல நான் இஸ்துகினு கெடந்தா நல்லாவா இருக்கும்? எங்க மாத்தூர்லயே மண்டபம் பாத்துக்கலாம்."

"மாத்தூரு மட்டும் இன்னாவாம்? சாயங்காலம் ஆனா கெமிக்கல் நாத்தம் கொடலப் புடுங்குது!" என்றாள் முத்தம்மா.

"நாத்தம் அடிச்சா மூக்க மூடிக்கலாம். தூளுக்கு இன்னா பண்றது?"

இப்படியே கொஞ்ச நேரம், யார் ஊர்க் காற்று அதிகக் கலீஜ் என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். நடுவில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியவில்லை. கடைசியில் முத்தம்மா, "எங்க கூடத்துல ஏசி கீது. சொவத்துல மாட்ற ஏசி இல்ல, மேல கொழாய் ஓடுது, கூடம் பூரா காத்து வரும்" என்றாள். அது உண்மைதான். பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனி தர்மமாகப் போட்டுக் கொடுத்தது. எந்தப் பக்கத்திலிருந்து தூள் வருகிறதோ அதே பக்கத்திலிருந்து ஏசியும் வந்தது என்று ஊரில் சிரித்துக்கொள்வோம்.

தேசம்மா விடவில்லை. "ஏசி காத்த குளுரப் பண்ணும். கழுவுமா?"

"கழுவும்!" என்று சொல்லிவிட்டாள் என் அண்ணி. வாய்தான் அவளுக்கு முதலில் போகும், மற்றதெல்லாம் பின்னால் ஓட வேண்டும். உடனே ஒப்பந்தமும் ஆயிற்று. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவது எங்கள் கூடத்தில். அன்றைக்கு தேசம்மாவுக்கு மூச்சு நன்றாக இருந்தால் கல்யாணமும் அங்கேயே. இல்லையென்றால் மாத்தூர்.

ஊருக்குத் திரும்பியதும் கூடத்தின் மூலையில் காற்றை உள்ளே இழுக்கும் சல்லடைக் கதவைத் திறந்து பார்த்தோம். வடிகட்டி என்ற பெயரில் ஒரு நைலான் வலை தொங்கியது. ஏசி வந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதில் ஓட்டை வேறு. முத்தம்மா அதை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் மறுபடியும் ஒரு வலை வாங்கும் நேரம் வந்துவிட்டது.

யானைக்கவுனியில் ஹபீபுல்லா பாய் ஏசி சாமான் கடை வைத்திருக்கிறார். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாய் பொறுமையான மனிதர். கூடம் எவ்வளவு பெரிசு, எத்தனை பேர் உட்காருவார்கள், மெஷின் என்ன ரகம், பழைய வடிகட்டியின் நீள அகலம் என்ன என்று கேட்டுவிட்டு மூன்று வடிகட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நைலான் வலை அக்கா, கழுவிக் கழுவி மாட்டலாம். முடி, நூலு, பெரிய தூசு நிக்கும். பொடித்தூளு போயிடும். இது மடிப்பு மடிப்பா கீது பாருங்க, இது பொடித்தூளையும் புடிக்கும், காத்தையும் வுடும். கழுவ முடியாது, கறுத்தா மாத்திடணும். உங்களுக்கு இதான் சரி."

"அப்போ மூணாவது?"

"அது உங்களுக்கு வாணாம் அக்கா."

போச்சு. அந்த மனிதர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முத்தம்மாவின் கண்கள் சுருங்கின. மேசைமேல் இருந்த மற்ற இரண்டையும் அவள் அதற்குப் பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் பாய் வாணாம்?"

"அது ஆப்பரேஷன் ரூமுக்குப் போடறது. ரொம்ப நெருக்கம். அதுக்குத் தகுந்த மாதிரி பெரிய மோட்டாரு வேணும். உங்க மெஷினுக்கு அத்தினி தெம்பு கெடையாது."

"யாருக்கு எடுத்து வச்சிகினு கீற?"

"யாருக்கும் இல்லக்கா, அல்லா மேல சத்தியமா."

சத்தியம் வேறு செய்துவிட்டார், அவள் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மூன்றாவது வடிகட்டியை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சமே வரவில்லை. வாயை வைத்து ஊதினாள். அந்தப் பக்கம் என் கையை வைக்கச் சொன்னாள். காற்றே வரவில்லை என்றேன். "பாத்தியா? காத்தே போவாம நிக்குது, தூளு எங்கேந்து வரும்?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த கோளாறு எனக்கும் பாய்க்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "அண்ணி, பாய் சொல்றத கேளு" என்றேன். "நீ கம்முனு வா, மாத்திர விக்கறவளுக்கு இன்னா தெரியும்?" என்றாள். அந்த மூன்றாவதையே விலை பேசி வாங்கினாள், நான் தடுக்கவில்லை. மருந்துக்கடையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், அவ்வளவு கோபத்தோடு உதவி செய்ய முடியாது.

நிச்சயதார்த்த நாள் காலையில் பாயின் ஆள் முணுமுணுத்துக்கொண்டே அந்த வடிகட்டியை மாட்டிவிட்டுப் போனான். மாத்தூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஏசியைப் போட்டதும் மூலையிலிருந்து விசில் சத்தம் வந்தது. முதலில் யாரோ விடலைப் பையன்கள் என்று நினைத்து என் அண்ணன் வெளியே போய் முறைத்துவிட்டு வந்தான். மெஷின்தான் விசில் அடிக்கிறது என்று பிறகு தெரிந்தது. காற்று வருவது தெரிவதற்காக மேலே குழாய் ஓட்டைகளில் கட்டியிருந்த ரிப்பன்கள் ஆடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கூடம் புழுங்க ஆரம்பித்தது. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள், ஆண்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள்.

முத்தம்மா தேசம்மாவின் பக்கத்தில் போய், "மூச்சு எப்டி கீது சம்பந்தி?" என்று கேட்டாள்.

"காத்து சுத்தமாத்தான் கீது சம்பந்தி. ஆனா காத்தே இல்லையே!"

தட்டு மாற்றும் நேரம் வந்தது. இரண்டு சம்பந்திகளும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலேயிருந்து தேசம்மாவின் உச்சந்தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அடுத்த சொட்டு நெற்றிப் பொட்டில். பிறகு கொடகொடவென்று கொட்டியது. பூவும் பழமும் நனைந்தன, மாத்தூரிலிருந்து கொண்டு வந்திருந்த முகூர்த்தப் புடவையும் நனைந்தது. ரஞ்சித் ஓடிவந்து நர்மதாவுக்குக் குடை பிடித்தான். அது என் குடை. அவ்வளவு அமளியிலும் எனக்கு அது கண்ணில் பட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டே தேசம்மா சொன்னாள்: "கழுவும்னு சொன்ன, நான்தான் நம்பல. என்னையே கழுவி வுட்டுட்ட. கல்யாணம் மாத்தூர்லதான்."

அன்றைக்கு முத்தம்மா சாப்பிடவில்லை. பீரோவைத் திறந்து அந்தப் பழைய படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சண்டைக்கு இழுத்தாலாவது எழுந்திருப்பாள் என்று குடையைக் கேட்டேன். பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பயமே வந்துவிட்டது, குடையைத் திரும்ப அங்கேயே மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஹபீபுல்லா பாய் தானே வந்தார். ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, மேலே ஏறிப் பெட்டியைத் திறந்து காட்டினார். குளிர்ந்த குழாய்கள்மேல் வெள்ளைவெளேரென்று ஐஸ் கட்டியிருந்தது. "மோட்டாரு இழுக்குது அக்கா, ஆனா பில்டரு வுடமாட்டேங்குது. காத்து ஓடுனாதான் குளிரு கூடத்துக்கு வரும். ஓடாததால குளிரு அங்கியே தங்கி ஐஸாயிடுச்சு. அது உருகித்தான் கொட்டிருக்கு. ரொம்பப் பொடிசா இருந்தா இப்டித்தான், இழுத்து இழுத்து மெஷினே பூடும்."

என் அண்ணன் தொண்டையைச் செருமினான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எவனாச்சும் வலைன்னு வாயத் தொறந்தீங்க, நடக்கறதே வேற!" என்று கத்தினாள் முத்தம்மா.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளேதான் சொன்னாள். பாய் மட்டும் விஷயம் தெரியாமல், "இன்னா வலை?" என்று கேட்டுவைத்தார். என் அண்ணன் வெளியே போய்ச் சிரித்தான். அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மடிப்பு வச்சதே மாட்டு பாய்" என்றாள். ஏலத்தில் கூட அவள் அப்படி இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. பாய் மடிப்பு வடிகட்டியை மாட்டினார். ஓரத்தில் சந்து இல்லாமல் பட்டை வைத்து அடைத்தார், சந்து இருந்தால் தூள் அது வழியாகப் புகுந்துவிடுமாம். ஏசியைப் போட்டதும் ரிப்பன்கள் பறந்தன.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தினமும் ஏசியை ஓட வைத்தாள். காற்று நன்றாக வந்தது. ஆனால் தேசம்மாவைத் திரும்ப வரவழைப்பது எப்படி? தண்ணீர் கொட்டிய இடத்துக்கு அவள் வருவாளா? கடைசியில் முத்தம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளையாக மாட்டிய வடிகட்டியைக் கழற்றினாள். அது தாரில் தோய்த்த மாதிரி இருந்தது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னோடு மாத்தூருக்குப் புறப்பட்டாள். "இத்தினி கரிய இது புடிச்சி நிறுத்திருக்குன்னு காட்னா போதும், சம்பந்தி ஒத்துப்பா" என்றாள்.

தேசம்மா வடிகட்டியைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

"அய்யய்யோ! இத்தினி கரியா? இந்த ஊர்லயா என் புள்ள கல்யாணம்?"

யோசனை தலைகீழாகிவிட்டது. முத்தம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. தேசம்மாவுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "இதே சல்லடைய எங்க வூட்ல மாட்டிப் பாரு சம்பந்தி! தும்பப்பூ மாதிரி வெள்ளையா இருக்கும்" என்றாள்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே! கறுத்துப்போச்சுன்னா கல்யாணம் உன் கூடத்துல."

முத்தம்மா பைக்குள் கையை விட்டாள். இன்னொரு புது வடிகட்டி வெளியே வந்தது. அது பையில் இருந்தது எனக்கே தெரியாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பேச்சு வராமல் நின்றதெல்லாம் உதார். அந்தக் கறுப்பு வடிகட்டியைப் பார்த்தால் தேசம்மா இப்படித்தான் பேசுவாள் என்று தெரிந்தே வந்திருக்கிறாள். அடிப்பாவி! தேசம்மாவின் மேசை விசிறிக்குப் பின்னால் அதை வைத்து, காற்று அது வழியாகத்தான் போக வேண்டும் என்று சுற்றிலும் டேப் ஒட்டினாள். "எங்க கூடத்துல ஓடுன மாதிரி இங்கயும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். தேசம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வடிகட்டி கழற்றப்பட்டு அவள் மடியில் கிடந்தது. எங்களுடைய அளவுக்கு அது கறுப்பு இல்லை. கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமாக, கிட்டப் போனால் மூக்கில் ஏறும் ஒரு வாடையோடு இருந்தது.

"சன்னல மூடிகினுதான் வச்சேன் சம்பந்தி" என்றாள் தேசம்மா. அவள் செய்த திருட்டுத்தனத்தை அவளே சொல்கிறாள் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "கதவையும் சாத்திட்டேன். நீ வர்றதுக்குள்ள வெள்ளையா வச்சிக் காட்டணும்னு. மூடிகினே இப்டி ஆயிடுச்சு. அப்போ தெனம் ராவும் பகலும் இத்தத்தான் நான் உள்ள இஸ்துகினு கீறேனா? என் புள்ளயும்?"

முத்தம்மா ஜெயித்துவிட்டாள். அவள் ஆடப் போகும் ஆட்டத்தைப் பார்க்க நான் தயாராக நின்றேன். ஆனால் அவள் ஆடவில்லை. தேசம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் இருந்த வடிகட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். "எங்க வூட்லயும் இதான் சம்பந்தி. உங்க ஊரு காத்தும் எங்க ஊரு காத்தும் நமக்கு முன்னாடியே சம்பந்தம் பண்ணிகினு கீது" என்றாள். தேசம்மா சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகியது. நான் ஓடிப் போய் மூச்சு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். முத்தம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அண்ணிமேல் எனக்குப் பாசம் வந்த நாள் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான், இதை அவளிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

மூச்சு சீரானதும் இரண்டு பேரும் என்னை டீ போடச் சொல்லிவிட்டுக் குசுகுசுவென்று பேசினார்கள். நான் டீயோடு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். "உன்னான்ட பெரிய எவர்சில்வர் தட்டு கீதே பவானி, அத்த குடு, கல்யாணத்துக்கு ஓணும்" என்றாள் முத்தம்மா. நான் கொடுத்தேன், திரும்பி வராது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று எங்கள் கரையில் படகுகள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் கடலில் இல்லை. கூடத்தில் நிற்க இடமில்லை. வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், முத்தம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாத அவள் பெரியப்பா மகன், எல்லோரும் சலவை வேட்டியில் வந்திருந்தார்கள். புதிதாக ஒரு மடிப்பு வடிகட்டி மாட்டியிருந்தது, ரிப்பன்கள் பறந்துகொண்டிருந்தன. தேசம்மா மேடையில் காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பையிலிருந்த மூச்சு மருந்தை வெளியே எடுக்காமலே மகன் தாலி கட்டுவதைப் பார்த்தாள். முத்தம்மா என் அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் அது எடுப்பாக இருக்கிறது.

ஏசி கொடுத்த கம்பெனியின் அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். கூடத்தில் என்ன விசேஷம் நடந்தாலும் அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவது வழக்கம். அன்றைக்கும் கூப்பிட்டார்கள். அவர் சிரித்த முகத்தோடு தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். பொன்னாடை வரவில்லை. முத்தம்மாவும் தேசம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து என் எவர்சில்வர் தட்டைக் கொண்டு வந்தார்கள். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம். அவற்றின்மேல் எங்கள் கூடத்து வடிகட்டியும் மாத்தூர் வடிகட்டியும் ஜோடியாக இருந்தன.

"என்னம்மா இது?" என்று கேட்டுக்கொண்டே அவர் தட்டை வாங்கிக்கொண்டார். மேடையில் யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகியவர்.

"உங்க பக்கத்து பொருளு சார். வழி தவறி எங்க வலையில வந்து மாட்டிகிச்சு. எங்களுது இல்லாதத்த நாங்க வச்சிக்க மாட்டோம்" என்றாள் முத்தம்மா.

"எங்க வூட்லயும் கொஞ்சம் மாட்டிச்சு. அது யாரோடதுன்னு நீங்களே அக்கம்பக்கம் விசாரிச்சிக் குடுத்துடுங்க" என்றாள் தேசம்மா.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். குப்பத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் அடுத்து என்ன வர வேண்டும் என்று தெரியும். அந்த மனிதருக்கு மட்டும் தெரியவில்லை. "ரொம்ப நன்றி" என்றார்.

வாயே திறக்காத என் அண்ணன் கூட்டத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தான்.

"நன்றி இல்ல சார். சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"இனிமே உங்க பொருளு எங்க பக்கம் வராதுன்னு."

அவர் எங்களைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து வாசல் வரைக்கும், வாசலுக்கு வெளியே மணல் வரைக்கும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் வேர்த்தது, அத்தனை நல்ல காற்றிலும் வேர்த்தது. "மேலிடத்துல பேசிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தட்டோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் போட்டோக்காரர் ஒரு படம் எடுத்திருக்கிறார். அதைப் பெரிதாக்கி முத்தம்மா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும்தான் கேமராவைப் பார்க்கிறார்கள். மற்றபடி எங்கள் ஊர் மொத்தமும், ஒரு ஆள் குறையாமல், அந்த அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முத்தம்மா தினமும் அதன் எதிரே நின்று டீ குடிக்கிறாள்.

அவர் இன்னும் வந்து சொல்லவில்லை. கொடுத்த பொருளைக் கேட்டு வாங்குவது என் அண்ணியிடம் எனக்குப் பலிக்கவே இல்லை, ஆனால் இந்த ஆளை நான் விடப்போவதில்லை. போகிற வருகிற கம்பெனி வண்டிகளை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது என் தட்டு.